தேய்த்தால் போகாது

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே வீட்டில் ஒரு விசாரணை நடந்துவிடும். மேல்கையைத் தடவிப் பார்க்கும் அத்தை, "என்னம்மா இது, முள்ளுமுள்ளா இருக்கு?" என்று ஆரம்பிப்பார். "எல்லாம் உடம்புச் சூடு" என்பார் ஆயா. "ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சாத்தானே" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. சித்தி மகள் கைபேசியில் ஒரு ரீல்ஸைக் காட்டி, காப்பித்தூளும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்க்கச் சொல்வாள். நான்கு பேரும் நான்கு வழியில் வந்து ஒரே இடத்தில் சேருகிறார்கள்: தேய். பீர்க்கங்காய் நாரால் தேய், நைலான் நாரால் தேய், அதுவும் போதாவிட்டால் குதிகாலுக்கு வைத்திருக்கும் கல்லால் தேய்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே இந்தத் தீர்ப்புதான் நடப்பில் இருக்கிறது. அக்கறையோடு சொல்லப்படுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆனால் சூடு என்பதும் தவறு, அழுக்கு என்பதும் தவறு. இரண்டையும் நம்பித் தேய்ப்பது தவறோடு நிற்காமல் தோலைக் கெடுக்கவும் செய்கிறது.

அழுக்கை முதலில் பார்த்துவிடலாம். மேல்கையின் வெளிப்பக்கம், தொடையின் முன்பக்கம், சிலருக்குக் கன்னம், பிட்டம் ஆகிய இடங்களில் குண்டூசித் தலை அளவில் சொரசொரவென்று வருவதற்குத் தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கெரட்டோசிஸ் பைலாரிஸ். ஜன்னல் வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பிடித்து ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒவ்வொரு பொரியும் ஒரு மயிர்க்காலின் வாயில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பொரிகளுக்கு இடையில் உள்ள தோலில் ஒன்றும் இருக்காது. பொரியின் நடுவே வெளுத்த சிறு அடைப்பு. சிலவற்றில் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும் மெல்லிய மயிர். அழுக்கு படிந்தால் பரவலாகப் படியும். மயிர்க்கால் மயிர்க்காலாகப் பொறுக்கி எடுத்து உட்காராது.

அடைத்துக்கொண்டிருப்பது கெரட்டின். நகமும் மயிரும் எதனால் ஆனவையோ, அதே புரதம். தோலின் மேலடுக்கு செத்த செல்களை நாள்தோறும் சத்தமில்லாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு மயிர்க்காலின் வாயில் இந்த உதிர்தல் சரியாக நடப்பதில்லை. உதிராதது சேர்ந்து இறுகி முளையாகிவிடுகிறது. இது பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது. பெண்ணின் கையைத் தடவிப் பார்த்த அத்தை தன் அண்ணன் கையையும் ஒருமுறை தடவிப் பார்த்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிடலாம். தோலின் ஈரத்தைக் காப்பாற்றும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கும், தோல் வறட்சியும் கரப்பானும் இருக்கும் குடும்பங்களிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வளரிளம் பருவத்தினரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும், பெரியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கும் ஏதோ ஓர் அளவில் இது உண்டு என்பது மருத்துவப் பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். தொற்றாது. இதிலிருந்து வேறு நோய் எதுவும் கிளம்பாது. இத்தனை பேருக்கு இருப்பதைச் சுத்தக்குறைவு என்று சொல்வது ஊரில் பாதிப் பேரைக் குளிக்காதவர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்து சூடு. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், நாள்காட்டி போதும். சூட்டினால் வருவது என்றால் அக்கினி நட்சத்திரத்தில் உச்சத்துக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் செஞ்சிச் சாலைப் பாறைகள் கொதிக்கிற நாட்களில் இந்தப் பொரி கூடுவதில்லை. பலருக்குக் குறையவே செய்கிறது. கூடுவது பனிக்காற்றில் தோல் வறளும் மார்கழியிலும் தை மாதத்திலும்தான். கோடையில் கழுத்திலும் முதுகிலும் அரிப்போடு வருவது வேர்க்குரு. அது வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருகிற வேறொரு சங்கதி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

"தேய்த்தால் அன்றைக்கு வழவழவென்று ஆகிறதே" என்பார்கள். ஆகும்தான். முளையின் தலை போய்விடுவதால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் கைக்குத் தெரியாது. வேர் மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி முளைக்கிறது. இதற்கிடையே தேய்த்த தோல் புண்பட்டுச் சிவக்கிறது. நம் ஊர்த் தோலின் இயல்பு, புண் ஆறினாலும் கருமையை விட்டுவிட்டுப் போவது. நிறமற்று, பார்வைக்குத் தெரியாமல் இருந்த பொரி இப்போது புள்ளிபுள்ளியாகக் கறுத்துத் தெரிகிறது. கறுத்துவிட்டதே என்று இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

தேய்ப்பே நோயாவதும் உண்டு. 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரமான கருமையைக் கண்டு எழுதினார்கள். நைலான் துண்டால் நாள்தோறும் முதுகு தேய்ப்பவர்களுக்கு எலும்பு துருத்தும் இடங்களான தோள்பட்டை, கழுத்தெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் மேல் தோல் பட்டைபட்டையாகக் கறுத்திருந்தது. இந்தியத் தோல் மருத்துவர்களுக்கும் இது நன்கு பழக்கப்பட்ட காட்சிதான். வருடக்கணக்கில் தேய்ப்பும் சொறிதலும் தொடர்ந்தால், அந்த இடத்தில் அமிலாய்டு என்ற பொருள் படிந்து, மேல்முதுகில் அலை அலையான கருமையாகவும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் அரிசி பரப்பியது போன்ற முரட்டுப் பொரியாகவும் வரலாம். சொரசொரப்பைப் போக்கக் கையில் எடுத்த நார் புதிய சொரசொரப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எண்ணெய்க் குளியலை என்ன செய்வது என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வறண்ட தோலுக்கு எண்ணெய் வேண்டும் என்று கண்டுகொண்ட மூத்தவர்களின் கணிப்பு சரியானது. கெடுப்பது அதற்கு அடுத்த அரைமணி நேரம்: கொதிக்கிற வெந்நீர், கைநிறையச் சீயக்காய், போதாக்குறைக்கு ஒரு சோப்பு, கடைசியாக நார். பூசிய எண்ணெயும் போய், தோல் தானாகச் சுரந்து வைத்திருந்த நெய்ப்பும் போய்விடுகிறது. வரிசையை மாற்றினால் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் எண்ணெயோ வாசலினோ களிம்போ பூச வேண்டும். உள்ளே இருக்கும் ஈரத்தை மேலே ஒரு படலம் போட்டு நிறுத்திவைப்பதுதான் நோக்கம். பனமலைக் குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், காலை மடித்துக் குடைக்கீழ் நிற்கும் தேவியின் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஓவியன் சொரசொரத்த கல்லைக் கண்ணாடி போலத் தேய்த்துக்கொண்டு உட்காரவில்லை. சுண்ணச்சாந்தைப் பூசி, அதன் மேல் வரைந்தான்.

எண்ணெய் மட்டும் போதாதவர்களுக்கு மருந்துக்கடையில் யூரியா களிம்பு கிடைக்கிறது. 10 முதல் 20 சதவீத யூரியா, அல்லது 12 சதவீத லாக்டிக் அமிலம், அல்லது கொஞ்சம் சாலிசிலிக் அமிலம் கலந்தவை. இவை கெரட்டினை இளக்கி, முளையைத் தானாகவே உதிரவைக்கும். வயலுக்குப் போடும் யூரியாவா என்று கேட்டுச் சிரிக்கிற விவசாயிகள் உண்டு. மூலக்கூறு அதேதான், தோல் தன் ஈரத்தைப் பிடித்துவைக்க இயற்கையாகவே யூரியாவை வைத்திருக்கிறது. அதற்காக மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கரைத்துப் பூசிவிடக் கூடாது. உரத்தில் வேறு கசடுகளும் உண்டு, அளவும் கைக்கு அடங்காது. களிம்பைப் பூசினால் நான்கைந்து வாரத்தில் வித்தியாசம் தெரியும். நிறுத்தினால் மெல்லத் திரும்பும். இது குணப்படுத்தும் மருந்தல்ல. பல் துலக்குவது போலத் தொடரும் பராமரிப்பு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்துப் பலன் இல்லை.

இதுவரை சொன்னது தீங்கில்லாத சொரசொரப்பைப் பற்றி. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஊர் அதே நாரைத்தான் நீட்டுகிறது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் முழங்கை முனையிலும், கால்முட்டியிலும், சில சமயம் பிட்டத்திலும் தடித்து, கூரான முனையோடு, மண்நிறத்தில் கொத்தாக வரும் முட்கள் அவை. தொட்டால் கெரட்டோசிஸ் பைலாரிஸை விட முரடாக இருக்கும். "மண்ணுல முட்டி போட்டு விளையாடுறான், அதான்" என்று ஊர் அதை முடித்துவிடும். கொழும்பில் பாக்டீரியா ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் இதை விவரித்து, ஃப்ரைனோடெர்மா, அதாவது தேரைத்தோல், என்று பெயரிட்டார். வைட்டமின் குறைவால் வருவது என்றார். அடுத்த ஆண்டே இலங்கையில் இது எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்தும் எழுதினார். அதே பத்தாண்டில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டின் குழு தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, சத்துக்குறைவின் அடையாளங்களில் ஒன்றாக இந்தத் தோலையும் குறித்துக்கொண்டது.

மருத்துவ உலகத்திலும் ஒரு நடப்புத் தீர்ப்பு உருவானது. தேரைத்தோலா, வைட்டமின் ஏ குறைவு. மீன் எண்ணெய் கொடு. பாடநூல்கள் அதைத்தான் எழுதின. அந்தத் தீர்ப்பை உலுக்கியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தலைமகனாகி, 2019இல் நூறு வயதில் மறைந்தவர். இளம் ஆய்வாளராக இருந்த 1947இல், அதே மெடிக்கல் கெஜட்டில் தேரைத்தோலின் காரணத்தையே மறுபடி விசாரணைக்கு எடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் பிறகு பேச்சு வைட்டமின் ஏ என்ற ஒற்றைப் பெயரோடு நிற்கவில்லை. குன்னூர் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் போன பிறகு, 1967இல் அங்கிருந்த ஆய்வாளர்கள் தேரைத்தோல் உள்ளவர்களின் இரத்தத்தில் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களை அளந்து பார்த்தார்கள், அவை குறைந்திருந்தன. 1988இல் இலங்கை நோயாளிகளிடம் வைட்டமின் ஈ குறைவும் காணப்பட்டது. 2011இல் கர்நாடக மருத்துவர்கள் 125 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். முழங்கையே முதல் இடம். வைட்டமின் ஏ குறைவின் வேறு அடையாளங்கள் மிகச் சிலரிடமே இருந்தன. ஒரே ஒரு சத்தைக் குற்றவாளியாக்க முடியாது என்பதும், கொழுப்பு, பி வைட்டமின்கள், ஏ, ஈ எல்லாம் சேர்ந்து குறைவதும் முழங்கையை ஊன்றி ஊன்றி உராய்வதும் கூடித்தான் இது வருகிறது என்பதும் இன்றைய புரிதல். உராய்வு காரணங்களில் ஒன்று என்றால், நாரை எடுத்து மேலும் உராய்வதை என்னவென்று சொல்வது?

இந்தப் பட்டியலில் ஊர் கவனிக்க வேண்டிய சொல் கொழுப்பு. "எண்ணெய்ப் பண்டம் திங்காத, பொரிபொரியா வரும்" என்பது வீடுகளில் சொல்லப்படும் இன்னொரு விதி. முழங்கையில் முள் வந்த பிள்ளைக்கு அந்த விதியைப் போட்டால் நோய் கூடத்தான் செய்யும். அந்தத் தோலுக்கு வேண்டியது லினோலிக் அமிலம். நமது உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது. தட்டிலிருந்துதான் வர வேண்டும். நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 சதவீதமும், கடலை எண்ணெயில் 30 சதவீதம் அளவுக்கும் அது இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம்தான். பாமாயிலில் 10 சதவீதத்தை ஒட்டி வரும்.

பனமலையைச் சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காடு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை நாடு முழுவதும் உள்ள கடலை விவசாயிகள் டிஎம்வி என்ற மூன்றெழுத்தில் அறிவார்கள். அங்கே தேர்வு செய்து 1940இல் வெளியிட்ட டிஎம்வி 2 ரகம், ஆந்திரத்தின் அனந்தபுரம் மண்ணில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. எள்ளிலும் அந்த நிலையத்தின் ரகங்கள் உண்டு. இத்தனை எண்ணெய்வித்து விளைகிற வட்டாரத்தில், மல்லாட்டை விற்பனைக் கமிட்டிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது 2007 முதல் ரேஷனில் தரப்படும் பாமாயில் பாக்கெட். பாமாயிலை நஞ்சு என்று கத்துவதும் சரியல்ல. எண்ணெயே வாங்க முடியாத வீட்டுக்கு அது பெரிய உதவி. பாமாயிலுக்குப் பதிலாக உள்ளூர் எண்ணெய்களை ரேஷனில் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுவருவது விலைக்காகத்தான் என்றாலும், பிள்ளைகளின் முழங்கையும் அந்தக் கோரிக்கைக்குச் சாட்சி சொல்லும். அதுவரை களத்தில் சிந்திய மல்லாட்டையை ஒரு கைப்பிடி வேகவைத்துத் தருவதற்கும், சாதத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுவதற்கும், முருங்கைக்கீரை கிள்ளிப் போடுவதற்கும் யாருடைய ஆணையும் தேவையில்லை. பள்ளிச் சத்துணவு முட்டையைப் பிள்ளை சாப்பிடுகிறானா, பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறானா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

மருவும் பாலுண்ணியும் இவற்றிலிருந்து வேறு சாதி. இரண்டும் வைரஸால் வருபவை, தொட்டால் பரவுபவை. இவற்றுக்கு வைத்தீசுவரன் கோயில் மாதிரியான தலங்களில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலிக்கவும் செய்கிறது. பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்குள் உதிர்ந்துவிடுபவை. உப்பு மிளகால் தோலுக்குக் கெடுதல் இல்லை. குதிரைமயிரால் கட்டி அறுப்பதும், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுடுவதும்தான் தழும்பில் கொண்டுபோய் விடுகின்றன. நாரால் தேய்த்தாலோ ஒரு மரு பத்தாகிறது. வைரஸை விதைத்துக்கொண்டு போகிற வேலையை நார் செய்கிறது.

தேய்த்துச் சலித்தவர்களின் அடுத்த புகலிடம் மெடிக்கல். "கையில பொரி இருக்கு, ஒரு ட்யூப் குடுங்க" என்றால் கேள்வி கேட்காமல் ஒன்று நீட்டப்படுகிறது. பூசிய இரண்டாம் நாள் சிவப்பு அடங்கி, தோல் பளிச்சென்று ஆவதால், கொடுத்தவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். அந்த ட்யூபின் பின்பக்கத்தில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்தச் சொரசொரப்புக்கு அது மருந்தே இல்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகக் கிழிந்து, முகத்தில் பரு கிளம்பி, படர்தாமரை இருந்தால் அது தறிகெட்டுப் பரவும். இப்படிப்பட்ட தவறான பயன்பாட்டுக்கு எதிராக இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் தனிக் குழு அமைத்தே போராட வேண்டியிருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்த பிறகும் சீட்டு கேட்காத கடைகள் இருக்கின்றன. ட்யூபைத் திருப்பிப் படிக்கும் வேலை வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது.

பொரி அரித்துக்கொண்டே இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, திடீரென்று உடம்பெங்கும் பரவினாலோ, பிள்ளைக்கு முழங்கை முள்ளோடு மாலைக்கண்ணும் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். தடித்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது தொழுநோயாக இருக்கலாம், மாத்திரை இலவசம், முழுவதும் குணமாகும். பனமலையிலிருந்து இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு தோல் பிரிவு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். போகிற அன்றைக்குக் காலையில் மட்டுமாவது மஞ்சளும் களிம்பும் பூசாமல், தேய்க்காமல் போனால், இருப்பதை இருக்கிறபடி மருத்துவரால் பார்க்க முடியும்.